ஸ்க்ரீன் கழுவ ஒரே தின்னர் போதுமா? கரைப்பானும் கருவியும் தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை. துணிக்குப் பிளாஸ்டிசால், வாட்டர் பேஸ் என்ற இரண்டு வகை இங்க்கும் அடிக்கிறார்கள், ஸ்டிக்கருக்கு சால்வென்ட் இங்க். கழுவுவதற்கு எல்லாவற்றுக்கும் ஒரே தின்னர்தான். மெஷ் (ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணி) மங்கிப்போகிறது, பழைய டிசைன் நிழல்போலத் தங்கிவிடுகிறது, இங்க்கை இழுக்கும் ஸ்க்வீஜியின் ரப்பர் விளிம்பு நெளிகிறது, மாலையானால் வேலை செய்பவர்களுக்குத் தலைவலி. எந்தக் கரைப்பானுக்கு மாறலாம், தானாகக் கழுவும் எந்திரம் வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

எந்திரத்தைக் கடைசியில் பார்ப்போம். கரைப்பான் எது என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இப்போது ஸ்க்ரீனிலிருந்து எது போக வேண்டும், எது அப்படியே இருக்க வேண்டும்?

அச்சடிக்கும்போது நடுவில் மெஷ் அடைத்துக்கொண்டால் இங்க் மட்டும் போக வேண்டும். எமல்ஷன், அதாவது டிசைன் இல்லாத இடத்தை அடைத்திருக்கும், ஒளி பட்டு இறுகிய பூச்சு, இருக்க வேண்டும், எண்ணெய்ப் பசை எதுவும் மிஞ்சக் கூடாது. அடுத்த நிமிடமே அதே ஸ்க்ரீனில் அடிக்கப் போகிறோம் அல்லவா? வேலை முடிந்து ஸ்க்ரீனை எடுத்து வைப்பதானால் இங்க் முழுக்கப் போக வேண்டும், எமல்ஷன் கெடக் கூடாது. ஆனால் அவசரம் இல்லை, தண்ணீரில் அலசிக்கொள்ளலாம். அடுத்த டிசைனுக்காக ஸ்க்ரீனைக் காலி செய்யும் டீகோட்டிங் என்றால் எமல்ஷனும் போக வேண்டும்; மெஷ்ஷும் அதை ஃப்ரேமில் பிடித்திருக்கும் பசையும் மட்டும் தப்ப வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சும் கறைக்கு ஒரு மருந்து. மறுபடி எமல்ஷன் பூசுமுன் பிசுக்கு எடுக்க இன்னொன்று. இந்த ஐந்து வேலையையும் ஒரே தின்னரால் செய்யப் பார்ப்பதுதான் நீங்கள் சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

தின்னர் என்று விற்பது ஒரு கலவை. டொலுயீன், கீட்டோன்கள், எஸ்டர்கள், ஆல்கஹால் எல்லாம் வெவ்வேறு அளவில் இருக்கும். ஒரு டப்பாவில் இருந்த அளவு அடுத்த டப்பாவில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. அதைவிடப் பெரிய குறை, அது சட்டென்று ஆவியாகிவிடுகிறது. இங்க் இளகி நூலிடுக்கிலிருந்து வெளியே வருவதற்குள் கரைப்பான் பறந்துவிட்டால், இளகிய நிறமி மறுபடி மெஷ்ஷிலேயே மெல்லிய படலமாக உட்கார்ந்துவிடும். நீங்கள் பார்க்கும் மங்கல் பெரும்பாலும் இதுதான். ஸ்க்ரீன் கழுவ மெதுவாக ஆவியாகும் கரைப்பான்தான் நல்லது. வேகமாகக் காய்வதை வைத்து "பவர்" அதிகம் என்று நினைக்க வேண்டாம்.

கரைப்பானைத் தொடுவதற்கு முன் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் கார்டு அல்லது முனை மழுங்கிய பிளாஸ்டிக் தகடு எடுத்து, ஸ்க்ரீனின் இரண்டு பக்கமும், மூலைகளிலும், ஃப்ரேம் ஓரத்திலும் உள்ள இங்க்கை வழித்து டப்பாவில் போடுங்கள். சிரத்தையாக வழித்த ஸ்க்ரீனில் கரைப்பான் கரைக்க வேண்டியது கொஞ்சம்தான் மிஞ்சும். வழிக்காமல் கரைப்பானை ஊற்றினால் இங்க் மெலிந்து மெஷ் முழுக்கப் பரவும். துணியும் கரைப்பானும் இரண்டு மடங்கு செலவாகும். கரைப்பான் செலவைக் குறைக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

அப்புறம்தான் இங்க்கைப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிசால் என்பது பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் மிதக்கும் பிவிசி துகள்கள். சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு கிடைத்தால்தான் அது இறுகும்; சும்மா காற்றில் காயாது. அதனால் பிளாஸ்டிசால் ஸ்க்ரீனைக் கழுவ முரட்டுக் கரைப்பான் தேவையே இல்லை. தின்னரில் உள்ள கீட்டோன்கள் பிவிசி துகள்களை ஊத வைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். வேலை இன்னும் கடினமாகும். எண்ணெய்த்தன்மை உள்ள கரைப்பான்தான் இதற்குப் பொருத்தம்: சோயா எண்ணெயிலிருந்து வரும் மெத்தில் எஸ்டர், டைபேசிக் எஸ்டர், அல்லது பிளாஸ்டிசாலுக்கென்றே தயாரான வாஷ் (கழுவும் திரவம்). பிளாஸ்டிசால் வாஷ்களில் பலவற்றில் தண்ணீரோடு கலந்து அலசிப்போக உதவும் சோப்புப் பொருளும் சேர்ந்திருக்கும். கழுவும் தொட்டியில் அது மிகவும் வசதி. மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் பிளாஸ்டிசாலைக் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தின் மேல் எமல்ஷன் ஒட்டாது. ஒளி காட்டி (எக்ஸ்போஸ்), தண்ணீரில் கழுவி டிசைனைத் திறக்கும்போது (டெவலப்) ஊசித்துளைகளாக அது வெளியே தெரியும்.

வாட்டர் பேஸ் நேர்மாறு. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரும் ஸ்பாஞ்சும் போதும். காய்ந்தபின் அதன் பைண்டர் (நிறமியைப் பிடித்திருக்கும் பசை) படலமாக இறுகிவிடும், தண்ணீர் மறுபடி அதைக் கரைக்காது. ஆகவே இங்கே கரைப்பானைவிட நேரம்தான் முக்கியம். அடித்து முடித்த உடனே கழுவ வேண்டும். சாப்பிடப் போவதானாலும் ஸ்க்ரீனில் இங்க்கைப் பரப்பி மூடிவிட்டுப் போக வேண்டும். காய்ந்துவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ கிளைக்கால் ஈதர் வகையோ உதவும், ஆனால் எமல்ஷனையும் கொஞ்சம் பதம் பார்க்கும். வாட்டர் பேஸுக்குத் தண்ணீரைத் தாங்கும் எமல்ஷன் வாங்குவது, கழுவும் மருந்து தேடுவதைவிடப் பயனுள்ள செலவு.

ஸ்டிக்கருக்கு அடிக்கும் சால்வென்ட் இங்க், தன் கரைப்பான் ஆவியாவதால் காய்வது. எனவே அதே குடும்பத்துக் கரைப்பான் மறுபடி அதை இளக்கும். சைக்ளோஹெக்சனோன் போன்ற கீட்டோன்கள், கிளைக்கால் ஈதர் அசிட்டேட்டுகள் இந்த வேலைக்கு வருபவை. இங்க் தயாரிப்பாளர் அதற்கென்று சொல்லும் ஸ்க்ரீன் வாஷ் எது என்று பார்த்து வாங்குங்கள். இங்க்கை இளக்கிக் கலக்கும் ரெட்யூசரைக் கழுவப் பயன்படுத்தும் பழக்கம் வேண்டாம். அது இங்க்கோடு சேர்ந்து சீக்கிரம் காயவே தயாரானது. பின்னால் யூவி இங்க் பக்கம் போவதானால் ஒன்றை மனதில் வையுங்கள்: காயாத யூவி இங்க்கில் உள்ள அக்ரிலேட்டுகள் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். வெறுங்கையால் தொடவே கூடாது.

கரைக்கும் திறன் சரி, பாதுகாப்பு? ஒவ்வொரு கரைப்பானுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கரைப்பானே வேண்டாம். 3ஆம் பகுதியில் என்ன கலந்திருக்கிறது, 8இல் எந்தக் கையுறை, 9இல் தீப்பற்று நிலை. இந்த மூன்றையும் படித்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

தீப்பற்று நிலை என்பது, திரவத்தின் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை. அசிட்டோனுக்கு அது சுமார் மைனஸ் 20 டிகிரி, டொலுயீனுக்கு 4. அதாவது சாதாரண அறை வெப்பத்தில் இவை எப்போதும் பற்றத் தயாராகவே இருக்கின்றன. மினரல் டர்பன்டைன் 40 டிகிரிப் பக்கம், சைக்ளோஹெக்சனோன் 44, ஆரஞ்சுத் தோலிலிருந்து வரும் லிமோனீன் 48. டைபேசிக் எஸ்டர் 100ஐ ஒட்டி, சோயா மெத்தில் எஸ்டர் அதற்கும் மேல். மற்றவை சமமாக இருந்தால் எண் பெரிதாக உள்ளதை எடுங்கள். ஆனால் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஸ்ப்ரேயாக அடித்தால் அந்தத் துளிப்புகை குறைந்த வெப்பத்திலும் பற்றும்.

தீப்பற்றாது என்பதற்காக மட்டும் எதையும் நம்பிவிடக் கூடாது. டைகுளோரோமீத்தேன் சுலபமாகப் பற்றாது, பிரமாதமாகக் கரைக்கும். ஆனால் உடலுக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்யும் விதியைக் கொண்டுவந்தது. ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் எந்திரத்தின் பிளாங்கெட்டைத் (இங்க்கைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) துடைக்க 1,2-டைகுளோரோபுரொப்பேன் பயன்படுத்திய இளவயதுத் தொழிலாளர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. காற்றோட்டம் இல்லாத அறை, நாள்தோறும் துடைக்கும் வேலை. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தக் கரைப்பானைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. அது ஸ்க்ரீன் பிரிண்டிங் இல்லைதான். ஆனால் துடைக்கும் கையும் மூச்சும் நம்முடையதைப் போன்றவைதானே.

3ஆம் பகுதியில் பென்சீன், நார்மல் ஹெக்சேன், 2-மெத்தாக்ஸி எத்தனால், 2-எத்தாக்ஸி எத்தனால், என்-மெத்தில் பைரோலிடோன் என்று ஏதாவது தென்பட்டால் வேறு பொருளைத் தேடுங்கள். பென்சீன் ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாவது. நார்மல் ஹெக்சேன் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். கடைசி மூன்றும் இனப்பெருக்கத்தையும் கருவையும் பாதிப்பவை. கிளைக்கால் ஈதர்தான் வேண்டுமென்றால் புரொப்பிலீன் கிளைக்கால் வகையை எடுப்பது மேல். "இயற்கையானது" என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம்: லிமோனீன் காற்று பட்டுப் பழையதாகும்போது தோல் ஒவ்வாமை உண்டாக்கும், நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. உங்கள் ஆட்களின் மாலைத் தலைவலி, உடல் தரும் முதல் எச்சரிக்கை. அதைத் தைலம் தேய்த்து அடக்கிவிட்டுக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

சரி, எமல்ஷனுக்கு வருவோம். இதைக் கரைப்பான் எடுக்காது. எடுப்பது சோடியம் மெட்டாபெரியோடேட். பொடியாகவோ கரைசலாகவோ ஜெல்லாகவோ கிடைக்கும். வரிசை முக்கியம்: முதலில் இங்க்கும் அதைக் கழுவிய எண்ணெயும் முழுக்கப் போயிருக்க வேண்டும். பெரியோடேட் தண்ணீரில் வேலை செய்வது. மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் எமல்ஷனைத் தொடவே முடியாது. ஸ்க்ரீனை நனைத்து, இரண்டு பக்கமும் மருந்தைப் பூசி, நைலான் பிரஷ்ஷால் சுழற்றித் தேயுங்கள். ஒரு நிமிடத்துக்குள் எமல்ஷனின் நிறம் நீரோடு கோடுகோடாக இறங்கத் தொடங்கும். விரலால் தொட்டால் வழவழவென்று நகரும். அப்போதுதான் பிரஷர் வாஷரை எடுக்க வேண்டும், கீழிருந்து மேலாக. பூசிய மருந்தை மட்டும் காய விட்டுவிடாதீர்கள். காய்ந்துவிட்டால் எமல்ஷன் மெஷ்ஷோடு இறுகிப்போய் அப்புறம் எதற்கும் மசியாது, மெஷ்ஷை வெட்டி எறிய வேண்டியதுதான். டீகோட்டிங் முடியும்வரை வினிகர், சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்பு எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். அமிலமும் எமல்ஷனை இறுக்கிவிடும்.

பணம் மிச்சம் என்று சிலர் துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்துகிறார்கள். சில எமல்ஷன்களில் வேலை செய்யும். நான் பரிந்துரைக்க மாட்டேன்: பக்கத்தில் ஏதாவது அமிலக் கிளீனர் இருந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், கழுவும் இடத்தில் இப்படித் தவறிக் கலப்பது மிகச் சுலபம். பெரியோடேட் பொடிக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அது ஆக்சிஜனேற்றி; தீயை வளர்க்கும். கரைப்பான் டப்பாக்களும் எண்ணெய்த் துணிகளும் இருக்கும் அலமாரியில் அதை வைக்கவே கூடாது.

எமல்ஷன் போனபின் ஈரமான மெஷ்ஷை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். டிசைனின் திறந்த பகுதியில் நிறம் பரவியிருந்தால் அது நிறமிக் கறை. டிசைனின் ஓரக் கோடு மட்டும் தெரிந்தால், நூலிடுக்கில் எமல்ஷனோ இங்க்கோ கொஞ்சம் சிக்கியிருக்கிறது. அதைத்தான் கோஸ்ட் என்கிறோம். டயசோ என்ற ஒளியுணர் பொருள் கலந்த எமல்ஷன் விடும் லேசான மஞ்சள் சாயத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கறை இருந்தும் ஓட்டைகள் திறந்திருந்தால் அதை விட்டுவிடலாம். மிஞ்சிய கறையை எடுக்கும் ஹேஸ் ரிமூவரை ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் வழக்கமாகப் போடுவதை நான் எதிர்ப்பேன். பலவும் சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்த கடுங்காரம். பாலியெஸ்டர் நூலைக் காரம் அரிக்கும், அலுமினிய ஃப்ரேமையும் அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். லேபிளில் சொன்ன நிமிடங்களுக்கு மேல் விடாதீர்கள், இரவு முழுக்க ஊற வைக்கவே கூடாது. சென்டிமீட்டருக்கு 120 நூல் உள்ள மெஷ் போன்ற நுண்ணிய மெஷ்களில் நூலும் மெல்லியது. அங்கே இன்னும் கவனம் தேவை. கோஸ்ட் வராமல் தடுப்பது எமல்ஷனைச் சரியாக எக்ஸ்போஸ் செய்வதிலும் அடித்து முடித்த கையோடு இங்க்கைக் கழுவுவதிலும் இருக்கிறது.

கடைசியில் பிசுக்கு எடுப்பது. இதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். அதில் உள்ள வாசனையும் கைக்கு மென்மை தரும் பொருள்களும் மெஷ்ஷில் படலம் விடும். ஸ்க்ரீனுக்கென்று உள்ள டீகிரீசர் விலை அதிகமில்லாத பொருள். அலசியபின் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் மெஷ் முழுக்க ஒரே தாளாகப் பரவினால் ஸ்க்ரீன் தயார்.

கருவிகளில் முதலிடம் கழுவும் தொட்டிக்கு. பாலிபுரொப்பிலீனோ துருப்பிடிக்காத எஃகோ இருக்கட்டும். பின்னால் வெளிச்சம் வரும்படி ஒளி ஊடுருவும் தகடு இருந்தால் அரைகுறையாகப் போன இடம் அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தகடு அக்ரிலிக் என்றால் அசிட்டோனும் தின்னரும் பட்டு விரிசல் விடும். அடுத்து பிரஷர் வாஷர். டீகோட்டிங்குக்கு 100 பார், அதாவது ஏறக்குறைய 1,450 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். முனை விசிறிபோல் பரவும் வகையாக இருக்கட்டும், ஊசிபோல் பாயும் முனை மெஷ்ஷைக் கிழித்துவிடும். ஒரு சாண் தூரத்திலிருந்து அடித்தால் நல்லது. அந்த எந்திரத்துக்குள் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது.

பிரஷ்கள் வேலைக்கொன்று, நிறத்துக்கொன்றாக இருக்கட்டும். ஹேஸ் ரிமூவர் தேய்த்த பிரஷ்ஷால் டீகிரீஸ் செய்தால், மிஞ்சிய காரம் மெஷ்ஷில் தங்கி அடுத்த எமல்ஷனைக் கெடுக்கும். டீகோட்டிங் அதிகம் செய்பவர்களுக்கு மருந்து நிரப்பிய முக்கும் தொட்டி நல்ல முதலீடு: சில நிமிடம் முக்கி எடுத்தால் தேய்க்கும் வேலை வெகுவாகக் குறையும். இங்க் ஒட்டிய ஸ்க்ரீனை மட்டும் அதில் இறக்கக் கூடாது, மொத்தத் தொட்டியும் பாழ்.

ஸ்க்வீஜியை ஊறவே போடாதீர்கள். பாலியூரித்தேன் ரப்பர் கரைப்பானைக் குடித்து ஊதும். விளிம்பு நெளிவது அதனால்தான். வழித்து, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, உடனே காயத் துடைக்க வேண்டும். ஒருநாள் ஓய்வு கொடுத்தால் குடித்த கரைப்பான் வெளியேறி ரப்பர் பழைய நிலைக்குப் பெரும்பாலும் திரும்பும். அதற்காகவே மாற்றி மாற்றிப் பயன்படுத்த இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். எமல்ஷன் பூசும் கோட்டரின் விளிம்பை உலோகத்தால் சுரண்டக் கூடாது. அங்கே விழும் சிறு கீறல்கூட பூசும் ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் கோடாக வரும்.

கையுறை விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மெல்லிய நைட்ரைல் கையுறை டர்பன்டைன் வகைகளுக்குத் தாங்கும். அசிட்டோனும் மற்றக் கீட்டோன்களும் அதற்குள் சில நிமிடங்களிலேயே புகுந்துவிடும். கீட்டோனுக்கு பியூட்டைல் ரப்பர். தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, ஆர்கானிக் ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் காற்றோட்டம். கரைப்பான் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும். எக்ஸாஸ்ட் தாழ்வாக இருக்க வேண்டும், வேலை செய்பவரின் முகத்தைக் கடக்காமல் ஆவியை இழுக்க வேண்டும். எளிதில் பற்றும் கரைப்பான் உள்ள இடத்தில் சாதாரண மோட்டார் வைத்த விசிறியின் பொறியே தீ வைத்துவிடும். தீப்பொறி வெளிவராத வகை மோட்டார்தான் அங்கே வேண்டும்.

இப்போது அந்த எந்திரம். உங்கள் அளவுக்குத் தானியங்கி எந்திரம் இப்போது வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரே வகை இங்க், ஒரே அளவு ஃப்ரேம், நாள் முழுக்கக் கழுவிக்கொண்டே இருக்கும் தேவை இருந்தால்தான் அதன் செலவு ஈடாகும். மூன்று வகை இங்க் கலந்து வரும் பட்டறையில் அதற்குள் சுற்றும் கரைப்பான் எதற்கும் முழுமையாகப் பொருந்தாது. முதலில் தொட்டி, பிரஷர் வாஷர், எக்ஸாஸ்ட். பிறகு முக்கும் தொட்டி. அதற்கும் மேல் தேவைப்பட்டால், பிளாஸ்டிசாலுக்கு மட்டும், கரைப்பானைப் பம்ப் செய்து பிரஷ் வழியாகத் தந்து மறுபடி சேகரிக்கும் மூடிய கழுவு மேடை. பம்ப் காற்றழுத்தத்தில் ஓடும் டயஃப்ரம் வகையாக இருந்தால் மோட்டாரின் மின்பொறி பயம் இல்லை. இங்க் கசடு அடியில் தங்குவதால் ஒரே கரைப்பான் நிறைய ஸ்க்ரீன்களுக்கு வரும்.

புதுக் கரைப்பான் எதையும் பெரிய டப்பாவாக வாங்காதீர்கள். மாதிரி வாங்கி, வேண்டாத பழைய ஸ்க்ரீன் ஒன்றில் மூன்று இடம் பாருங்கள்: இங்க் மேல், காய்ந்த எமல்ஷன் மேல், ஃப்ரேம் பசை மேல். சில நிமிடம் விட்டு வெள்ளைத் துணியால் துடையுங்கள். முதலாவதில் நிறம் வர வேண்டும், மற்ற இரண்டிலும் எதுவும் வரக் கூடாது. லிட்டர் விலையை ஒப்பிடாமல், ஒரு ஸ்க்ரீனுக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒப்பிடுங்கள். மெதுவாக ஆவியாவது பெரும்பாலும் இதில் ஜெயிக்கும்.

கழிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வழித்த பிளாஸ்டிசால் டப்பாவுக்கே திரும்பலாம், இல்லாவிட்டால் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்துத் திடக்கழிவாகக் கொடுக்கலாம். சாக்கடைக்குப் போகக் கூடாது. வாஷ் டப்பாவில் மக்கும் என்று எழுதியிருந்தால் அது வாஷுக்குத்தான், அதில் கரைந்த பிவிசிக்கும் நிறமிக்கும் இல்லை. தொட்டியின் வடிகாலில் வடிகட்டிப் பையும், அதற்கடுத்து கசடு தங்கும் தொட்டியும் வையுங்கள். கரைப்பான் நனைந்த துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு, தினமும் பட்டறைக்கு வெளியே எடுத்து வைத்து, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். பழைய தின்னர் மிச்சம் இருந்தால் அதுவும் அவர்களிடம்தான் போக வேண்டும்.